ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் 208: பட்டையா, இதயமா?

கோவையிலிருந்து 43 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

ஆறு மாதமாக ரேஸ் கோர்ஸ் சாலையில் காலையில் ஓடுகிறார். டிசம்பரில் முதல்முறையாக 21 கிலோமீட்டர் ஓடுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்த பட்டை, இப்போது ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே 195, 208 என்று காட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, சட்டென்று 142-க்கு இறங்குகிறது. சில நாள் எண்ணே மறைந்து இரண்டு கோடுதான் தெரிகிறது. வாட்ச் கடையில் பேட்டரி மாற்றிய பிறகு எண் மறைவது அதிகமாகியிருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு மூச்சுத் திணறலோ வலியோ இல்லை. பக்கத்தில் ஓடும் தோழியோடு பேசிக்கொண்டேதான் ஓடுகிறார்.

பட்டையைக் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தின் பின்பக்கப் பச்சை விளக்கு காட்டும் எண்ணைப் பார்த்தால் 168. "இரண்டு கருவியும் அதிகமாகத்தானே காட்டுகிறது, ஓட்டத்தை விட்டுவிடு" என்கிறார் கணவர். "பட்டை அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார்கள் உடன் ஓடுபவர்கள். இவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர். இவர் தைராய்டுக்கு தினமும் 100 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறார். போன மாதம் எடுத்த இ.சி.ஜி. நார்மல். "என் வயதுக்கு அதிகபட்சத் துடிப்பு 177தான் என்கிறார்கள். 208 வரை போயிருக்கிறதென்றால் இதயம் பாதிக்கப்பட்டிருக்குமா? பட்டையைத் தூக்கிப் போடுவதா, ஓட்டத்தை நிறுத்துவதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தவறு பெரும்பாலும் பட்டையின் பக்கம்தான். ஆனால் பட்டை கெட்டுப்போனதாலேயே இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. உங்கள் கடிதத்தில் பட்டையோடு சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை நான் விடப்போவதில்லை. முதலில் பட்டையை நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருவோம். அதன் பிறகும் அது 208 என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

போன மாதம் இ.சி.ஜி. எடுத்தபோது, டெக்னீஷியன் மார்பில் சில்லென்று ஒரு ஜெல்லியைத் தடவியிருப்பார். அந்த ஜெல்லி எதற்கு என்று தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி புரிந்துவிடும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்சார அலை தோலின் மேல் வந்து சேரும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். காய்ந்த தோல் அதை எளிதில் கடத்தாது. அதனால்தான் ஈரமும் உப்பும் கலந்த ஜெல். உங்கள் பட்டையும் ஒரு சிறிய இ.சி.ஜி. கருவிதான். உட்பக்கம் வழவழப்பாக, வேறு நிறத்தில் தெரியும் இரண்டு பகுதிகள்தான் அதன் மின்வாய்கள். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத இதயத்துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: தோலுக்கும் மின்வாய்க்கும் நடுவில் ஈரம் வேண்டும்.

முதல் பத்து நிமிடம் மட்டும் ஏன்?

இதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விடியற்காலை, குளிர்ந்த காற்று, வியர்க்காத உடம்பு. காய்ந்த பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். இதயத்தின் மெல்லிய மின்சார அலை சரியாக வந்து சேராத அந்த நேரத்தில், பட்டை தோலில் உரசும் அதிர்வையும், பாலியஸ்டர் டீ-ஷர்ட் காற்றில் படபடத்து உண்டாக்கும் நிலைமின்சாரத்தையும் கருவி துடிப்பாக எண்ணிவிடுகிறது. துணி உரசலில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம் எழும். அதன் முன் ஒரு மில்லிவோல்ட் எம்மாத்திரம்? பத்து நிமிடத்தில் வியர்வை வருகிறது. வியர்வை உப்புநீர், டெக்னீஷியன் தடவிய ஜெல்லியின் வேலையை அது செய்கிறது. எண் உடனே 142-க்கு வந்துவிடுகிறது.

ஆகவே பட்டையைக் கட்டும் முன் இரண்டு மின்வாய்களையும் குழாயடியில் நன்றாக நனையுங்கள். இரண்டு சொட்டு போதாது. விரலால் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும். மருந்துக்கடையில் இ.சி.ஜி. ஜெல் சிறு டியூபாகக் கிடைக்கும். பட்டாணி அளவு தடவினால் இன்னும் நல்லது. "ஈரமாகக் கட்டினால் ஷாக் அடிக்குமா" என்று பக்கவாட்டில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடிக்காது. அந்தக் கருவி உங்கள் உடம்பிலிருந்து வருவதைக் கேட்கிறதே தவிர, உள்ளே எதையும் செலுத்துவதில்லை. உள்ளே இருப்பதும் 3 வோல்ட் பேட்டரிதான்.

பட்டை மார்பகத்துக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பின் மேல் படிந்து உட்கார வேண்டும். பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டி பட்டையின் மேல் ஏறி, ஒரு பக்கத்தைத் தோலிலிருந்து தூக்கிவிடும். நேரில் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான். பட்டை பட்டிக்கு முழுவதும் கீழே இருக்கட்டும், அல்லது முழுவதும் உள்ளே இருக்கட்டும். பாதி பாதி வேண்டாம். ஆழமாக மூச்சிழுத்தால் இறுக்காமல், குதித்தால் இறங்காமல் இருந்தால் அளவு சரி.

பேட்டரி மூடியைத் திறந்து எண்ணைப் பாருங்கள்

"வாட்ச் கடையில் 2025 என்று எழுதிய பேட்டரி போட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கருவி எதைக் கேட்கிறது என்று எழுதவில்லை. மூடியிலோ உள்ளேயோ பொறித்திருக்கும். சி.ஆர். 2032, சி.ஆர். 2025 இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம், இரண்டும் 3 வோல்ட். தடிமன்தான் வேறு: ஒன்று 3.2 மில்லிமீட்டர், மற்றது 2.5. 2032 உட்கார வேண்டிய குழியில் 2025-ஐப் போட்டால் மேஜை மேல் வைத்திருக்கும்போது வேலை செய்யும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் பேட்டரி குலுங்கித் தொடர்பு விட்டுவிட்டு வரும். பேட்டரி மாற்றிய பிறகு எண் மறைவது அதிகமானதற்கு எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். பேட்டரி எண் சரியாக இருந்தால் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் பிதுங்கியிருக்கிறதா, உள்ளே வியர்வை இறங்கிப் பச்சை பிடித்திருக்கிறதா? குழந்தைகள் வாயில் போடாமலிருக்கச் சில நிறுவனங்கள் பட்டன் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. அந்தப் பூச்சே சில கருவிகளில் தொடர்பைத் தடுக்கும். அப்படியிருந்தால் பூச்சில்லாத பேட்டரி போட்டுப் பாருங்கள்.

அந்தப் பேச்சை எடுத்ததால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தங்கையின் மூன்று வயதுக் குழந்தை உங்கள் வீட்டில்தான் வளர்கிறது என்றும், கழற்றிய பேட்டரி டி.வி. ஸ்டாண்டில் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்துபோய் அதை எடுத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓடாது என்று நாம் ஒதுக்கிய பேட்டரியிலும் மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே ஓட வேண்டும்.

சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துச் செய்த தவறு

சோப்புத்தூளில் ஊறவைத்து, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போடுகிறீர்கள். அக்கறையோடுதான் செய்கிறீர்கள், ஆனால் மூன்றுமே பட்டைக்கு ஆகாது. மென்மையாக்கும் திரவம் நூலின் மேல் மெழுகு போல் ஒரு படலம் விடுகிறது. அது மின்சார அலையைத் தடுக்கும். சோப்பில் நெடுநேரம் ஊறுவதும் சுள்ளென்ற வெயிலும் மின்வாயின் பூச்சையும் எலாஸ்டிக்கையும் தின்றுவிடும். இரண்டு மாதம் நன்றாக இருந்து மூன்றாவது மாதம் கோளாறு வந்ததற்கு இதுவே போதும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், பேட்டரி இருக்கும் சிறு கருவியான சென்சாரைக் கழற்றிவிட்டு, பட்டையை மட்டும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிதண்ணீர். நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை மென்மையான திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கையால் கசக்கி, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் விரித்துப் போடுங்கள். ஸ்பிரிட், பிளீச், இஸ்திரி மூன்றும் கூடாது.

பாத்ரூம் கொக்கியில் சென்சாரோடு சேர்த்துத் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். இரண்டு மின்வாய்க்கும் இடையில் ஈரம் பாய்ந்தால், யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து சென்சார் விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும், பிரஸ் பட்டன்களில் துரு ஏறுவதற்கும் இதுதான் காரணம். அந்தப் பட்டன்களை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் பழைய டூத் பிரஷ் போதும்.

இவ்வளவும் செய்தும் மாறவில்லையென்றால் துணிப்பட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். சென்சார் பல வருடம் வரும், பட்டை அப்படியில்லை. பல மாதிரிகளுக்குப் பட்டை மட்டும் தனியாகவே விற்கிறார்கள். உத்தரவாதக் காலத்தில் சென்சாரே கெட்டிருந்து விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். ஆனால் தவறான பேட்டரியும் துவைத்த முறையும் நம் பக்கம் இருக்கையில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வோம்.

கடிகாரம் காட்டிய 168

உங்கள் கணவரை உண்மையில் பயமுறுத்தியது இந்த எண்தான். இரண்டு கருவியும் ஒரே மாதிரி பொய் சொல்லுமா என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் 208-உம் 168-உம் ஒரே மாதிரி இல்லையே. கடிகாரம் மின்சார அலையைப் பார்ப்பதில்லை. தோலுக்குள் விளக்கடித்து ரத்தம் வந்து போவதைப் பார்க்கிறது. ஓடும்போது கை ஆடும் தாளத்தை ரத்தத்தின் தாளம் என்று அது தவறாகப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதே ஓட்டத்தின் பதிவில், நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தீர்கள் என்ற கணக்கு இருக்கும். அதைத் திறந்து கணவருக்கும் காட்டுங்கள். அதுவும் 165, 170 என்று இருந்தால், கடிகாரம் எண்ணியது உங்கள் காலடியை.

மூன்றாவதாக ஒரு சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. 208 காட்டும்போது நின்று, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். என்னிடம் வந்த ஒருவர் பட்டையைக் கட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனில் 188. என் விரலடியில் 94. சரிபாதி! ஒவ்வொரு துடிப்புக்கும் இ.சி.ஜி.யில் ஓர் உயர்ந்த முகடும், அதைத் தொடர்ந்து ஒரு சிறிய மேடும் வரும். அவருக்கு அந்த மேட்டையும் சேர்த்து இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது கருவி. பட்டையை இடதுபுறமாக இரண்டு விரல் அகலம் நகர்த்தினோம், 94-க்கு வந்தது. அவர் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று அப்புறம்தான் சொன்னார்.

177 என்பது எல்லைக்கோடு அல்ல

220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு 1970-களின் தொடக்கத்தில் பரவியது. 2001-இல் வந்த இன்னொரு கணக்கு, 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. உங்கள் வயதுக்கு முதலாவது 177, இரண்டாவது 178, வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டுமே கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்கு 10, 12 துடிப்பு மேலும் கீழும் இருப்பது சாதாரணம். 43 வயதில் 188 வரை ஆரோக்கியமாகத் தொடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் இதயத் தசை கிழியும், பழுதாகும் என்பதெல்லாம் இல்லை. மெதுவான ஓட்டத்தில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இரண்டாவது நிமிடத்தில் 208 வருவதுதான் இயல்பான துடிப்புக்குப் பொருந்தாதது.

இதயத்தின் பக்கம்

உடன் ஓடுபவர்களின் "கண்டுகொள்ளாதீர்கள்" என்ற பேச்சை இங்கேதான் நான் ஏற்கவில்லை. சட்டென்று ஏறி, நிமிடங்கள் நின்று, சட்டென்று இறங்கும் வேகத் துடிப்பு ஒன்று உண்மையிலேயே உண்டு. இதயத்தின் மேலறைப் பக்கம் மின்பாதையில் வரும் குறுக்குச் சுற்று அது. 150-இலிருந்து 220 வரை போகும். அதன் பொதுவான வகை பெண்களுக்கே அதிகம். வராத நேரத்தில் எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஆகவே போன மாதத்து இ.சி.ஜி. நல்ல செய்திதான், முழுச் செய்தி அல்ல. ஈரமான பட்டை, சரியான பேட்டரி, உடம்போடு ஒட்டிய சட்டை இவற்றோடு மூன்று காலை ஓடிப் பாருங்கள். எண் 100-இலிருந்து படிப்படியாக ஏறினால் பட்டைதான் குற்றவாளி. அப்போதும் 200-க்குத் தாவி, விரலால் எண்ணினாலும் அதே எண் வந்தால், அல்லது எண்ண முடியாத வேகத்தில் துடித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் அந்தப் பதிவோடு போங்கள்.

பட்டையோடு சம்பந்தமில்லாத இரண்டு விஷயம் என்றேனே, அவை இவை. ஒன்று, அப்பா. ரத்த உறவில் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதை நாங்கள் குடும்ப வரலாறு என்று தனியாகக் குறித்துக்கொள்வோம். நீங்கள் 21 கிலோமீட்டருக்குத் தயாராகும் நேரத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எக்கோ (இதய ஸ்கேன்), நடக்க வைத்தே இ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை இவற்றை ஒருமுறை செய்துகொள்வது அவசியம். பட்டை வாங்காமலே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு, தைராய்டு மாத்திரை. மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஓட ஆரம்பித்து உடல் எடை குறைந்திருந்தால் பழைய அளவு இப்போது அதிகமாக இருக்கலாம். அது துடிப்பைக் கூட்டும், படபடப்பைத் தரும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

எண் எதுவாக இருந்தாலும் நிற்க வேண்டிய நேரம்

மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், மயக்கம், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு, நின்ற பிறகும் அடங்காத படபடப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் பட்டையைச் சரிசெய்து பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். பட்டை அமைதியாக 140 காட்டுகிறது என்பதற்காக மார்பு வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவிக்குத் துடிப்பை எண்ணத்தான் தெரியும், ரத்தக்குழாய் அடைத்திருப்பது தெரியாது.

அதுவரை ஓட்டத்தை அடியோடு விட வேண்டியதில்லை. பரிசோதனை முடியும்வரை வேகமான பயிற்சியையும் நீண்ட தூரத்தையும் மட்டும் தள்ளிவையுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில், கூட ஒருவரோடு ஓடுங்கள். கணவரையே சைக்கிளில் கூட வரச் சொல்லலாம். அவருடைய பயத்துக்கும் அது மருந்து.

டிரெட்மில் பரிசோதனைக்குப் போகும் அன்று பட்டையையும் நனைத்து எடுத்துப் போங்கள். இ.சி.ஜி. ஒயர்களுக்குக் கீழே அதைக் கட்ட இடமிருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். வழக்கமான முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை டிரெட்மில்லின் வேகமும் ஏற்றமும் கூடும். ஒவ்வொரு முறை கூடும்போதும் மானிட்டரில் வரும் எண்ணையும் உங்கள் கடிகாரத்தில் வரும் பட்டையின் எண்ணையும் கணவர் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். அந்தத் தாளையும் டி.எஸ்.எச். முடிவையும் எனக்கு அனுப்புங்கள். டிசம்பர் ஓட்டத்தைப் பற்றி அதை வைத்துப் பேசலாம்.